பஸ்ஸில் நீ காட்டிய இரண்டு சிவப்புக் கோடுகள்

என் தங்க அம்மாவுக்கு,

உன் ஸ்டெல்லா எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, உன் பேரை மட்டும் கோணல்மாணலாகப் போடத் தெரியும். அது தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எனக்கு உன்மேல் ஒரு சந்தேகம். இருபத்தாறு வருசமாக நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் நீதான் என்னை ஏமாற்றியிருக்கிறாய் போலிருக்கிறது. எது நிசம் என்று தெரிகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு முன்னால் வீட்டுச் சமாச்சாரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். நீ போன தை மாதத்துக்குப் பிறகு நாகலூரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உன் மருமகன் இப்போது பழைய ஜீப் ஒன்றை ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்று அவர் சொல்கிறார். நானும் ஷைனியும் தள்ளுகிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நீ நட்ட சௌசௌ கொடி கூரைவரை ஏறிவிட்டது. காட்டெருமை ஒன்று வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து அதை மேய்ந்துவிட்டுப் போகிறது. நீ இருந்தால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, "போயிரு சாமி" என்று கும்பிடு போடுகிறோம்.

நான் இன்னமும் ரைட்டர் வேலைதான். நீ காப்பிப் பழம் பறித்த அதே எஸ்டேட்டில், சாயங்காலம் தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்கிறேன். இந்த வருசம் மழை முந்திக்கொண்டது, முதல் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டும்போது சிவப்புப் பழத்துக்கு நடுவில் பச்சைக் காய் கண்ணில் பட்டால், "அக்கா, பச்சையப் பொறுக்கிப்போட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறேன். "ஆரோக்கியத்து மவளுக்குக் கண்ணு நொம்பப் பொல்லாத கண்ணு" என்று என் காதுபடவே பேசிக்கொள்கிறார்கள். கூடவே, "ஆரோக்கியம் மடியில ஒருநாளும் பச்சை இருந்ததில்ல" என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் சில நாள் அவர்களோடு வம்பு வளர்க்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்கூட எடை போடும்போது எட்டி நோட்டைப் பார்ப்பார்கள். நான் நாற்பத்தொன்று என்று எழுதினேனா, முப்பத்தொன்று என்று எழுதினேனா என்று அவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியும் அம்மா. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உன் பேத்தி ஷைனி ஏழாவது வந்துவிட்டாள். நான் படித்த அதே ஏற்காட்டுப் பள்ளிக்கூடம், அதே பஸ். தமிழில் வகுப்பிலேயே முதல். அறிவியலில் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறாள். மைக் எட்டாமல் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய மனுசி மாதிரி ஆரம்பிக்கிறாள். நீ இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்திருப்பாய். இப்போது அந்த இடிக்கிற வேலையை நான் செய்கிறேன்.

கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறாள். காப்பிப் பூ ஏன் மூணே நாளில் வாடுகிறது? மிளகுக் கொடிக்கு மரத்தில் ஏறச் சொல்லிக் கொடுத்தது யார்? பனி மூடினால் பஸ் டிரைவருக்கு வளைவு எப்படித் தெரிகிறது? போன மாதம் ஒரு காலி பாட்டிலில் கோடு போட்டு முற்றத்தில் வைத்து மழை அளந்தாள். எஸ்டேட் ஆபீசில் இருக்கும் மழைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள். ஒத்துப்போனது என்று சொன்னதற்கு, "அப்ப அவங்களும் சரியாத்தான் அளக்கறாங்க" என்றாள். அந்தத் திமிரைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று அன்றைக்கு அழுதேன்.

இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே தராசடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது உன்னிடமிருந்து ஒட்டிய வியாதி. வேறு எங்கிருந்து வரும்?

உன் வியாதி என்னைவிட மோசம். நான் நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த காலம் முழுக்க என் மதிப்பெண் அட்டை வீட்டில் ஒருநாள்கூட நிம்மதியாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சந்தைக்குப் போக ஏற்காடு பஸ் ஏறுவோம். நீ பையிலிருந்து அட்டையை எடுத்து முதல் சீட்டில் இருப்பவரிடம் நீட்டுவாய். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தெரியாதுங்க." அவர் படிப்பார். உடனே பின் சீட்டுக்காரரிடம் நீட்டுவாய். "நீங்க ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க." இப்படி டிரைவர் பக்கத்தில் ஆரம்பித்த அட்டை கடைசி நீள சீட்டுவரை கைமாறிப் போகும். ஒவ்வொருவரும் உரக்கப் படிக்க வேண்டும். ஒரே மார்க்கை ஏழெட்டு வாயில் கேட்டு ஏழெட்டுத் தரமும் புதிதாகக் கேட்பதுபோல், "அப்படிங்களா!" என்பாய்.

நான் சீட்டுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்ப்பேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற நேரத்தைவிட என் அட்டை படிக்கிற நேரம்தான் அதிகம். "ஆரோக்கியக்கா ஏறுனா பஸ்ஸுல ரேடியோ வேண்டியதில்லீங்க" என்று அவர் சொல்வார். பஸ்ஸே சிரிக்கும். நீயும் சிரிப்பாய்.

அப்புறம் ஆறாவது வந்தது. பங்குச் சாமியாரிடம் நடையாய் நடந்து, ஏற்காட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் என்னைச் சேர்த்துவிட்டாய். ஐந்தாவதில் முதல் மாணவி நான். ஆறாவதில் டீச்சர் வாயைத் திறந்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்குகூட இங்கிலீஷில் பேசியது. எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், எல்லாரும் எழுதினால் நானும் எழுதுவேன். காலாண்டுத் தேர்வு முடிந்து அட்டை வந்தது. கணக்கில் இருபத்தேழு, இங்கிலீஷில் முப்பத்தொன்று. இரண்டுக்கும் அடியில் சிவப்பு மையில் கோடு.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வேலை முடிந்து வந்து, கையில் இருந்த பிசுக்கைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு அட்டையை வாங்கினாய். அதுவரைக்கும் என் அட்டையில் நீ சிவப்பைப் பார்த்ததில்லை.

"இதென்ன கண்ணு, சிவப்புல கோடு?"

"அதுவாம்மா... அது நல்லதும்மா."

"நல்லதுன்னா?"

எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். "பழம் செவந்தாத்தானம்மா நீ பறிப்ப? அது மாதிரிதான். நல்லா எழுதியிருந்தா டீச்சர் சிவப்புல கோடு போடுவாங்க."

"அப்ப மத்த பாடமெல்லாம்?"

"அதெல்லாம் இன்னும் பழுக்கலம்மா."

நீ அட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாய். "இருபத்தேழு கொஞ்சமாட்டத் தெரியுதே கண்ணு?"

"இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல அப்படித்தாம்மா போடுவாங்க."

நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடியும் அட்டையைப் பார்த்தாய். "அப்பச் சரி. ரெண்டு பழுத்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி உன் பேரைப் போட்டாய். அன்றைக்கு உப்புமாவுக்கு ஊறுகாயெல்லாம் வைத்தாய். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று வரும் என்பது எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்தது. பஸ் ஏறினோம். நான் ஜன்னலோரம், நீ பக்கத்தில், மடியில் அந்தப் பச்சை வயர் பை. கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர் நின்றார்.

"ஏனுங்க ஆரோக்கியக்கா, காலாண்டு அட்டை வந்திருச்சுங்களா? இன்னைக்கு ரேடியோ பாடலீங்களே?"

"வந்திருச்சுங்க தம்பி" என்று எழுந்து நின்றாய். அட்டையை எடுத்து, விரித்து, உன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாய். "என்ர புள்ளைக்கு ரெண்டு செவப்புங்க!"

பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பியது. கண்டக்டர் அட்டையைப் பார்த்தார். "செவப்புங்களா?"

"ஆமாங்க. நல்ல காப்பிப் பழமாட்ட."

அவர் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எதிர் சீட்டில் இருந்த கோயில் உபதேசியார் கை நீட்டினார். "குடு ஆரோக்கியம், படிச்சுப் பாப்போம்." நீ அட்டையை நாலாக மடித்தாய். "வேண்டாமுங்க. சந்தைக்குப் போற கை, அழுக்காயிரும்" என்று சொல்லிப் பைக்கு அடியில், வெங்காயம் போடுகிற சாக்குத் துணிக்கும் கீழே வைத்தாய். அம்மாடி, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அதே பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாய். தேன் மிட்டாய். சிவப்பாய், உருண்டையாய், காப்பிப் பழம் போலவே இருக்கும் அது. ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கொடுத்தாய். "எடுத்துக்குங்க, என்ர புள்ளைக்கு ரெண்டு செவப்பு." கண்டக்டர், "ரெண்டு செவப்புக்கு எனக்கு ரெண்டு மிட்டாயி குடுங்கக்கா" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பஸ் முழுக்க என் பொய்யை மென்றது. எனக்கும் ஒன்று கொடுத்தாய்.

என்னால் தின்ன முடியவில்லை அம்மா. கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டே இருந்தேன். பாகு வழிந்து உள்ளங்கையெல்லாம் சிவப்பு. நீ அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். நீ வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சா சாமி?" என்றாய். நான், "ம்" என்றேன்.

அரையாண்டுக்குள் நான் மாடாய் உழைத்தேன். புரிந்துகொண்டு படித்தேன் என்று சொல்ல முடியாது, பயந்துகொண்டு படித்தேன். இன்னொரு தடவை உன்னை அந்த பஸ்ஸில் எழுந்து நிற்க விடக் கூடாது, அவ்வளவுதான். கணக்கில் நாற்பத்தொன்று, இங்கிலீஷில் முப்பத்தெட்டு. ஜெயித்துவிட்டேன். அட்டையில் ஊதா மை மட்டும்தான்.

நீ அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஏங்கண்ணு, இந்த வாட்டி செவப்பே காணமே?"

"இந்தத் தடவ எல்லாருக்குமே ஊதாதாம்மா" என்று உளறினேன்.

"அப்படியா? சரி, பச்சையா இல்லாம இருந்தாச் சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டை மறுபடியும் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை கைமாறிப் போனது. "படிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தெரியாதுங்க." உபதேசியார் ரெண்டு தரம் படித்தார். மிட்டாய் கிடையாது. அம்மா ஏமாந்துபோய்விட்டாள், அதனால்தான் மிட்டாய் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மார்க் வாங்கியும் சந்தோசம் இல்லாமல் வந்த ஒரே பிள்ளை அந்த பஸ்ஸில் நான்தான்.

அதற்கப்புறம் பத்தாவது பாஸானேன், பன்னிரண்டு முடித்தேன், நீ குனிந்து பறித்த இடத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் என்னைப் பார்க்க எஸ்டேட் ஆபீஸ் வாசல்வரை வந்து, உள்ளே வராமல், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லப் பார்த்தேன். ஷைனி பிறந்தபோது பார்த்தேன். கடைசியில் நீ நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த மாதங்களில் தினமும் கஞ்சி ஊட்டும்போது பார்த்தேன். ஒவ்வொரு தரமும், சாகப் போகிறவளிடம் போய் அன்றைக்கு ஊரே உன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தது என்று சொல்வதா என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான் அம்மா. அன்றைக்கு அந்த பஸ்ஸில் நீ ஒன்றும் தெரியாமல் எழுந்து நின்றாயா? படித்தவர்கள் மத்தியில், என் தோல்வியை என் வெற்றி என்று நம்பி, மிட்டாய் கொடுத்தாயா? உன்னை அப்படி நிற்க வைத்தவள் நான்தானா? உன்னைக் குழிக்குள் இறக்கியபோதுகூட எனக்கு அந்த பஸ்தான் கண்ணுக்குள் நின்றது.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன்.

நேற்று ஷைனிக்குக் காலாண்டு அட்டை வருகிற நாள். நான் தராசடியில் எல்லாரிடமும் மூணு நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எடை போடுகிற இடத்துக்கே வந்தாள். நனைந்த பையை இறக்கி அட்டையை நீட்டினாள். தமிழ் தொண்ணூற்றாறு. அறிவியல் தொண்ணூறு. கணக்கு இருபத்தொன்பது. அடியில் சிவப்புக் கோடு.

எனக்குப் புத்தி எங்கே போனதோ. என் பெருமையெல்லாம் இத்தனை பேர் முன்னால் கொட்டிப் போச்சே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. அவளை ஸ்டோர் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி இது?"

அவள் பயப்படவே இல்லை. கையை நீட்டினாள். "தேன் மிட்டாயி வாங்கிக் குடும்மா."

"எதுக்கு? கணக்குல கோட்டை விட்டதுக்கா?"

"ஆமா. செவப்பு வந்தா மிட்டாயி. அம்மாயி சொல்லியிருக்குது."

உன் பேத்தி உன்னையே சாட்சிக்கு இழுக்கிறாள். "அம்மாயி என்னடி சொன்னாங்க?"

"நீ ஆறாவது படிக்கறப்ப ரெண்டு செவப்பு வாங்குனியாமா. அது பழமுன்னு அம்மாயிகிட்டயே சொன்னியாமா." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பழம் பறிக்கறவகிட்டயே வந்து பழுத்திருக்குதுன்னு சொல்றா பாரு, காயி மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுன்னு அம்மாயி சிரிச்சுச்சு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, நான் போயி சுடுதண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது அம்மா. நான் வேலை விட்டு வந்தேன், நீ இருமிக்கொண்டிருந்தாய், இவள் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நோவு முற்றிவிட்டது என்று நினைத்து நான் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டேன். சிரிப்பா அது?

"சரிடி, தெரிஞ்சும் எதுக்கு மிட்டாயி குடுத்தாங்களாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். பாஸானவளுக்கு மார்க்கு இருக்குது, ஃபெயிலானவளுக்கு என்ன இருக்குது, மிட்டாயாவது இருக்கட்டுமேன்னு அம்மாயி சொல்லுச்சு."

நான் அங்கே கிடந்த காலிச் சாக்குமேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. நன்றாக அழுதேன். எடை போட நின்ற அக்காமார் எட்டிப் பார்த்து, "பாப்பாவுக்கு அடியா விழுது?" என்றார்கள். அடி விழுந்தது எனக்குத்தான்.

"அம்மாயிக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு சொன்னாங்களா? பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாலயா, அப்பறமா?"

ஷைனி யோசித்தாள். "அத நான் கேக்கலியே."

"ஏண்டி கேக்கல? உலகத்துல இருக்கற கேள்வியெல்லாம் கேப்பியே! மிளகுக் கொடிக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பியே! இத ஒண்ணு கேட்டா என்னடி?"

"அம்மாயி இருமிக்கிட்டே இருந்துச்சும்மா" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் முன்னால் குதித்துக்கொண்டு போனாள், நான் பின்னால் அந்த பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகத் தேடிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் உன் கை ஞாபகம் வந்தது. நாலாக மடித்த கை. சந்தைக்குப் போகிற கையால் அழுக்காகிவிடும் என்றாயே, அதற்கு முன்னால் எத்தனை அட்டை எத்தனை கைக்குப் போயிருக்கிறது! கறி வெட்டுகிறவர் கைக்குக்கூடப் போனதே! அரையாண்டு அட்டையும் போனதே! நீ யார் கையிலும் கொடுக்காத ஒரே அட்டை அதுதான். உபதேசியார் கை நீட்டியும் கொடுக்காத ஒரே அட்டை அதுதான்.

இதை இருபத்தாறு வருசம் நான் யோசிக்கவே இல்லை, என் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆயிரம் மூட்டையில் ஒரு பச்சைக் காயைக் கண்டுபிடிக்கிற கண் என்று பேர். நல்ல கண்தான் போ.

அப்படியென்றால் நீ தெரிந்துகொண்டுதான் ஏறினாய். இருபத்தேழு கொஞ்சம் என்று உனக்குத் தெரியாதா? எடை நோட்டை எட்டிப் பார்த்தவள்தானே நீயும்? சோறு இறங்காது என்று சொன்னேனே, இப்போது இறங்கும்.

ஆனால் ஒன்று தெளிந்தால் பத்து முளைக்கிறது அம்மா. கண்டக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாயா? இல்லை, அவரும் உன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாரா? அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே, எதற்கு எடுத்து வந்தாய்? அன்றைக்கு மட்டும் ரேடியோ பாடாவிட்டால் ஆரோக்கியத்தின் பிள்ளை ஃபெயில் என்று ஊர் தானே கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தாயா? இல்லை, பொய் சொன்ன எனக்குக் கொஞ்சம் குறுகுறுக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்தாயா? உன்னை எனக்குத் தெரியும், ரெண்டும்தான் இருக்கும். என் உள்ளங்கையைத் துடைத்தாயே, மிட்டாய் என் வாய்க்குப் போகவில்லை என்று அப்போது உனக்குத் தெரிந்ததா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா? ஒவ்வொரு தரமும் நான் வாய் திறந்து மூடியதைப் பார்த்துக்கொண்டேதான் கஞ்சி குடித்தாயா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் என் மகளிடம் சொல்லி வைத்தாயா?

சரி. இப்போது சொல்கிறேன். அம்மா, அது பழம் இல்லை. நான் ஃபெயில்.

நேற்று மிட்டாய் வாங்கித் தரவில்லை. கடை சாத்தியிருந்தது, அதோடு எனக்கும் நடக்கத் தெம்பில்லை. இன்றைக்குக் காலையில் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். "உன் கையெழுத்து சின்னதா இருக்குது, அம்மாயி பெருசாப் போடும்" என்று ஷைனி குறை சொன்னாள். கணக்கில் எங்கே முட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பின்னம் புரியவில்லையாம். ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளைசுளையாகப் பிரித்து வைத்துக் கால், அரை, முக்கால் சொல்லிக் கொடுத்தேன். முக்கால் வருவதற்குள் உன் மருமகன் நாலு சுளையைத் தின்றுவிட்டார். "இப்ப மிச்சம் எவ்வளவு?" என்று அவரையே கேட்டாள். அவரும் ஃபெயில்.

"இந்த அட்டைய பஸ்ஸுல காட்டுவியாம்மா?" என்று புறப்படும்போது கேட்டாள். முதல் தடவையாக அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. "கையில குடுக்கமாட்டேன் கண்ணு" என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. நீ அங்கே போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். உன் சிலுவைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, சாமந்திக்குச் சொல்லியாகிவிட்டது. உன் பச்சை வயர் பையைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். ஷைனியின் அட்டையை நாலாக மடித்து அதற்குள் கொண்டுவருவேன், உனக்கு மட்டும் விரித்துக் காட்டுவேன். மெழுகுவர்த்தி ஏற்றி, அவள் உரக்கப் படிப்பாள். நீ, "அப்படிங்களா!" என்று சொல்ல வேண்டும்.

தேன் மிட்டாய் மூன்று வாங்கி வருகிறேன். ஒன்று அவளுக்கு. இரண்டு எனக்கு. அன்றைக்கு ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேனே, இந்த முறை உன் முன்னால் உட்கார்ந்து, நீ பார்க்கப் பார்க்க, இரண்டையும் தின்கிறேன். இது சத்தியம்.

நாகலூரிலிருந்து,
ரெண்டு சிவப்பு வாங்கிய உன் மகள்,
ஸ்டெல்லா